ரோட்டுல வண்டியை எண்ணாதீங்க, ஆளை எண்ணுங்க

நகரப் போக்குவரத்து இனிமே எப்படி இருக்கும், எப்படி இருக்கணும்னு கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நான் நினைக்கல. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்திருக்கேன், உங்க கேள்வி அப்படியே வரலைன்னாலும் பதில் எங்கயாவது உள்ள இருக்கும், பொறுமையா படிங்க.

கேள்வி: நான் ஆபீஸ் போற ரோட்டை அகலப்படுத்தினாங்க, மேல ஒரு ஃப்ளைஓவரும் கட்டினாங்க. ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சு, இப்போ பழையபடி அதே நெரிசல். பிளான் போட்டவங்க கணக்கு தப்பா போட்டுட்டாங்களா? – தினமும் கார்ல போற ஒரு வாசகர்

கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் போட்டிருப்பாங்க சார், ஆனா அந்த கணக்குல ஒரு ஆளை விட்டுட்டாங்க. அவர் யாருன்னா, நெரிசலுக்கு பயந்து இத்தனை நாள் வண்டியை எடுக்காம இருந்தவர். ரோடு அகலமானதும் ரயில்ல போயிட்டிருந்தவர் காரை எடுக்கிறார், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டிருந்தவர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கிட்டு கிளம்புறார், போகவே வேண்டாம்னு விட்ட வேலைக்கு ஒருத்தர் போயிட்டு வர்றார், இன்னொருத்தர் "இருபது நிமிஷத்துல வந்துடலாமே"ன்னு இன்னும் தள்ளி வீடு பார்த்து குடி போயிடுறார். இவங்க யாரும் தப்பு பண்ணல, கிடைச்ச வசதியை பயன்படுத்துறாங்க, அவ்வளவுதான். ஆனா எல்லாரும் சேர்ந்து வரும்போது புது லேன் நிரம்பிடுது. இதுக்கு தூண்டப்பட்ட தேவைன்னு பேர். ஆன்டனி டவுன்ஸ்ன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1962லயே பீக் ஹவர் நெரிசலைப் பத்தி இதை எழுதிட்டார். 2011ல டுராண்டன், டர்னர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நகரங்களோட கணக்கை எடுத்துப் பார்த்தப்போ, லேன் எவ்வளவு சதவீதம் கூடுதோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு வண்டி ஓடுற தூரமும் கூடுதுன்னு வந்துச்சு.

அமெரிக்காவோட ஹூஸ்டன் நகரத்துல கேட்டி ஃப்ரீவேன்னு ஒரு ரோடு இருக்கு. 2008ல விரிவாக்கி முடிச்சப்போ, பக்கத்து சர்வீஸ் ரோட்டையும் சேர்த்து எண்ணினா சில இடத்துல 26 லேன். அதுக்கு மேல அகலமா ஒரு ரோட்டை யோசிக்கக்கூட கஷ்டம். 2011ல இருந்து 2014க்குள்ள அங்க சாயங்கால பீக் ஹவர்ல பயண நேரம் பாதிக்கு மேல கூடிடுச்சு.

இதுக்கு நேர் எதிரா நடந்த கதையைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பேன். தென் கொரியாவோட சியோல் நகரத்துல செயோங்யேசியோன்னு ஒரு ஓடை, அதை மூடி மேல ஒரு உயர்மட்ட ரோடு போட்டிருந்தாங்க, தினம் ஒண்ணரை லட்சத்துக்கு மேல வண்டி அந்த பக்கம் போகும். 2003ல அதை இடிக்க ஆரம்பிச்சாங்க. ஊரே ஸ்தம்பிச்சிடும்னு பயந்தாங்க, ஆனா அப்படி எதுவும் ஆகல. 2004ல பஸ் ரூட்டை மொத்தமா மாத்தி, ரோட்டு நடுவுல பஸ்ஸுக்குன்னு தனி லேன் கொடுத்தாங்க, 2005ல ஓடை திறந்தாச்சு, இன்னைக்கு 5.8 கிலோமீட்டருக்கு தண்ணி ஓட ஓட ஜனங்க அது ஓரமா நடக்கிறாங்க. இடிச்சதை மட்டும் சொல்லி பஸ்ஸை மாத்தினதை விட்டுட்டா இந்த கதை பாதிதான், ரெண்டும் சேர்ந்துதான் வேலை செஞ்சுது.

அதுக்காக ரோடே போடக் கூடாதுன்னு நான் சொல்லல. வளர்ற ஊருக்கு தெருக்கள் ஒண்ணோட ஒண்ணு சேரணும், ஆம்புலன்ஸ் உள்ள வரணும். நான் சொல்றது, ஏற்கனவே இருக்கிற ரோட்டுல யாருக்கு எவ்வளவு இடம்ங்கிறதுதான் கேள்வின்னு. மூணு மீட்டர் அகலத்துல ஒரே ஒரு லேனை எடுத்துக்கோங்க. அதுல கார் மட்டும் போனா ஒரு மணி நேரத்துக்கு 600ல இருந்து 1,600 பேர் வரைக்கும் போகலாம். அதையே பஸ் லேனா மாத்தி பஸ்ஸை அடிக்கடி விட்டா 4,000ல இருந்து 8,000 பேர். அதே அகலத்துல நல்ல நடைபாதை போட்டா 9,000 பேர் வரைக்கும் நடந்து போவாங்க. நகரப் போக்குவரத்து பிளான் போடுறவங்க கையில வெச்சிருக்கிற வழக்கமான கணக்குதான் இது, ஆனா ரோடு அகலப்படுத்துற அறிவிப்பு வர்றப்போ எத்தனை வண்டின்னுதான் பேச்சு இருக்கே தவிர எத்தனை ஆளுன்னு இருக்கிறதில்ல.

கேள்வி: அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது, அப்புறம் பார்த்தா ஒரே நம்பர்ல மூணு பஸ் வரிசையா வரும். முதல் பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது, மூணாவது காலியா போகும். டிரைவர்கள் வேணும்னே இப்படி ஓட்டுறாங்களா? – பஸ் ஸ்டாப்புல நின்னு நின்னு கால் வலிக்கிற ஒரு வாசகி

இல்லம்மா, பாவம் டிரைவர். அவரும் மாட்டிக்கிட்டுதான் இருக்கார்.

பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு பஸ் கிளம்புதுன்னு வெச்சுக்கோங்க. முன்னாடி போற பஸ் ஒரு சிக்னல்ல ரெண்டு நிமிஷம் லேட்டாகுது. அந்த ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாப்புல இன்னும் நாலு பேர் சேர்ந்துடுறாங்க, அவங்க ஏற நேரம் எடுக்குது, அதனால பஸ் இன்னும் லேட், அதுக்கு அடுத்த ஸ்டாப்புல இன்னும் கூட்டம், இன்னும் லேட். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஸ்டாப்புல ஆளே இல்ல, எல்லாரையும் முன்னாடி பஸ் ஏத்திட்டு போயிடுச்சு, அதனால இது எங்கயும் நிக்காம வேகமா வந்து முன்னாடி பஸ்ஸை பிடிச்சிடுது. அதாவது சின்ன லேட்டு தானா சரியாகாது, தானா பெருசாகும். 1964லயே இதை கணக்கு போட்டு எழுதிட்டாங்க, புது விஷயமே இல்ல.

இதுக்கு வைத்தியமும் இருக்கு, அதுதான் எனக்கு ஆதங்கம். எல்லா கதவுலயும் ஏற விடணும், டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கிட்டா ஸ்டாப்புல நிக்கிற நேரம் நல்லா குறையும். பஸ்ஸுக்கு தனி லேன் கொடுத்து, பஸ் வர்றப்போ சிக்னல் பச்சையா இருக்கிற மாதிரி பண்ணலாம். அட்டவணை நேரத்தை துரத்தச் சொல்லாம, முன்னாடி பஸ்ஸுக்கும் உனக்கும் இடைவெளியை சரியா வெச்சுக்கோன்னு டிரைவருக்கு சொல்லி, ரெண்டு மூணு இடத்துல கொஞ்சம் நிறுத்தி அனுப்பலாம். பிரேசில்ல குரிச்சிபா நகரம் 1974லயே பஸ்ஸுக்கு தனிப்பாதை போட்டுச்சு, அப்போ மேயரா இருந்த ஜைமே லெர்னர் ஒரு ஆர்க்கிடெக்ட். 1991ல அங்க குழாய் மாதிரி கண்ணாடி ஸ்டாப் கொண்டு வந்தாங்க, உள்ள நுழையும்போதே டிக்கெட், ஸ்டாப்போட தரையும் பஸ்ஸோட தரையும் ஒரே உயரம், படி ஏறவே வேண்டாம். அதைப் பார்த்து கொலம்பியாவோட பொகோட்டா நகரம் 2000ல டிரான்ஸ்மிலேனியோங்கிற தனிப்பாதை பஸ்ஸை ஆரம்பிச்சுது, ஒரு திசையில ஒரு மணி நேரத்துக்கு 40,000 பேருக்கு மேல ஏத்திட்டு போகுது, பல மெட்ரோ ரயிலால முடியாத அளவு. அப்புறம் அங்க கூட்டம் தாங்காம ஜனங்க கோபப்பட்டதும் நடந்துச்சு. ஒரு தடவை நல்லா கட்டிட்டோம்னு விட்டுட முடியாது, ஆள் கூடக்கூட பஸ்ஸும் கூடணும்.

இன்னொண்ணு. பஸ்ல உட்கார்ந்து போற பத்து நிமிஷமும் ஸ்டாப்புல நிக்கிற பத்து நிமிஷமும் மனசுக்கு ஒண்ணு இல்ல, காத்திருக்கிற நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா தெரியும்னுதான் போக்குவரத்து கணக்குல எடுத்துக்குவாங்க. அதனால ஏசி, வைஃபை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதல்ல பஸ் அடிக்கடி வரட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உறுதியா வரும்னா யாரும் அட்டவணை பார்க்க மாட்டாங்க, சும்மா கிளம்பி போய் நிப்பாங்க. அப்போதான் பஸ்ஸை நம்பி ஒருத்தர் வேலை தேட முடியும், வீடு பார்க்க முடியும்.

கேள்வி: எல்லா வண்டியும் எலக்ட்ரிக் ஆயிட்டா பிரச்சனை தீர்ந்திடும்தானே?

புகை பிரச்சனை பெரிய அளவுல தீரும், அது சின்ன விஷயம் இல்ல, குழந்தைங்க மூச்சு விடுற காத்து அது. அதனால எலக்ட்ரிக் வேணும், சீக்கிரம் வேணும், அதுவும் பஸ்ல இருந்து ஆரம்பிக்கணும். ஏன்னா ஒரு பஸ் நாள் முழுக்க ஓடுது, வீட்டு கார் நாள்ல பெரும்பாலான நேரம் சும்மா நிக்குது. சீனாவோட ஷென்ஜென் நகரம் 2017 முடியறதுக்குள்ள 16,000க்கு மேல இருந்த மொத்த பஸ்ஸையும் எலக்ட்ரிக்கா மாத்தி காட்டிடுச்சு, ராத்திரி டிப்போவுல சார்ஜ் போட்டு பகல்ல ஓட்டுறாங்க.

ஆனா நெரிசல்ல நிக்கிற நூறு பெட்ரோல் காரை எடுத்துட்டு நூறு எலக்ட்ரிக் காரை வெச்சா அதே இடத்தைத்தான் அடைக்கும். ரோட்டை கடக்குற குழந்தை மேல மோதினா அடி அதேதான். பேட்டரி கனத்தால டயர் தேய்ஞ்சு வர்ற தூசும் இருக்கு. இன்ஜின் மாறுறதும் இடம் பங்கு போடுறதும் ரெண்டு தனித்தனி வேலை, ஒண்ணை செஞ்சுட்டு இன்னொண்ணும் முடிஞ்சதா நினைச்சுடக் கூடாது.

கேள்வி: எங்கம்மாவால ரொம்ப தூரம் நடக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக கார் இல்லாம முடியாது. உங்கள மாதிரி ஆளுங்க எழுதுறதை பார்த்தா கார் வெச்சிருக்கிறதே குத்தம்ங்கிற மாதிரி இருக்கு. – வருத்தத்தோட ஒரு வாசகர்

அப்படி தோண வெச்சிருந்தா மன்னிச்சிடுங்க சார், மனசார சொல்றேன். உங்கம்மாவை கார்லதான் கூட்டிட்டு போகணும். அந்த கார் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தடையில்லாம போகணும். இப்போ அது ஏன் போக முடியலன்னு யோசிங்க. முன்னாடி நிக்கிற வண்டிகள்ல பல, வேற நல்ல வழி இருந்தா அந்த நேரத்துல ரோட்டுக்கே வந்திருக்காது. அவங்களுக்கு நல்ல பஸ்ஸும் பயமில்லாத நடைபாதையும் கொடுத்தா, கார் அவசியமா தேவைப்படுற உங்களுக்குத்தான் ரோடு காலியாகும்.

நெரிசல் கட்டணம், அதாவது நெரிசலான பகுதிக்குள்ள வண்டியில வர்றதுக்கு காசு வாங்குறது, அதோட யோசனையும் இதுதான். சிங்கப்பூர் 1975ல ஆரம்பிச்சுது, முதல்ல கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர், 1998ல இருந்து எலக்ட்ரானிக். லண்டன்ல 2003. ஸ்டாக்ஹோம்ல நடந்ததுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஜனங்கள்ல பாதிக்கு மேல எதிர்ப்பு, அதனால 2006ல ஏழு மாசம் சோதனையா செஞ்சு பார்ப்போம், அப்புறம் நீங்களே ஓட்டு போடுங்கன்னாங்க. சோதனைக்கு முன்னாடியே கூடுதல் பஸ்ஸையும் ஓட விட்டாங்க. கட்டணப் பகுதியோட எல்லையை கடக்கிற வண்டி அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுது. அஞ்சுல ஒண்ணுன்னா கம்மியா தெரியும், ஆனா நிரம்பி வழியற ரோட்டுல அந்த கொஞ்சம் குறைஞ்சாலே மிச்ச வண்டிகள் நகர ஆரம்பிச்சிடும். சோதனை முடிஞ்சு ஓட்டெடுப்பு வெச்சப்போ நகரவாசிகள் கட்டணம் இருக்கட்டும்னு ஓட்டு போட்டாங்க, 2007ல நிரந்தரமாச்சு. நியூயார்க் 2025 ஜனவரியில தொடங்கியிருக்கு. ஆனா நடக்க முடியாதவங்களோட வண்டிக்கு விலக்கு இல்லாம, வேற வழியும் ஏற்பாடு பண்ணாம வெறும் கட்டணத்தை மட்டும் போட்டா நானும் எதிர்ப்பேன்.

பார்க்கிங் பத்தி ஒரே ஒரு வார்த்தை. ஜப்பான்ல கார் வாங்கணும்னா அதை நிறுத்த சொந்தமாவோ வாடகைக்கோ இடம் இருக்குன்னு காட்டணும், அதுவும் வீட்டுல இருந்து 2 கிலோமீட்டருக்குள்ள. தெருவை கார் அடைச்சு நிக்கிறது குறையுது, அங்க குறுகலான தெருவுலயும் குழந்தைங்க தைரியமா நடக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பஸ்ஸை மொத்தமா இலவசமாக்கிட்டா எல்லாரும் காரை விட்டுடுவாங்களா?

முழுசா விட மாட்டாங்க. எஸ்டோனியா நாட்டு தாலின் நகரம் 2013ல உள்ளூர் ஜனங்களுக்கு இலவசமாக்கிச்சு, கார் ஓட்டம் எதிர்பார்த்த அளவு குறையல, நடந்து போயிட்டிருந்தவங்க பஸ்ல ஏறினதுதான் அதிகம். லக்சம்பர்க் 2020ல நாடு முழுக்க இலவசமாக்கியும் ரோடு காலியாகிடல. ஆனா கையில காசில்லாதவங்களுக்கு இலவச பயணம் பெரிய விடுதலை, வேலைக்கு, படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு போற வழியையே அது திறந்து விடுது, அந்த காரணத்துக்காக செய்யணும். ஒரே பணத்துல இலவசமா இல்ல கூடுதல் பஸ்ஸான்னு நெருக்கி கேட்டா, இல்லாதவங்களுக்கு இலவசம், எல்லாருக்கும் அடிக்கடி பஸ்னு சொல்வேன்.

கேள்வி: பறக்கும் டாக்சி, டிரைவர் இல்லா கார் எல்லாம் வந்துட்டா இந்த பிளானிங்கே தேவையிருக்காதே?

பறக்கும் டாக்சி ஒரு தடவைக்கு நாலஞ்சு பேரை ஏத்தும், ஒரு பஸ் எழுபது பேரை ஏத்தும். அது ஊரோட போக்குவரத்து ஆகாது. டிரைவர் இல்லா கார் விபத்தை குறைச்சா ரொம்ப சந்தோஷம், ஆனா அது உங்களை இறக்கி விட்டுட்டு அடுத்த ஆளை தேடி காலியா சுத்தினா ரோட்டுல வண்டி கூடத்தான் செய்யும். ஒரு ஆளுக்கு ஒரு கார்னு போகாம நாலு பேர் சேர்ந்து போற மாதிரி வந்தாத்தான் பிரயோஜனம்.

கேள்வி: ஸ்கூல் வீட்டுல இருந்து ஒண்ணரை கிலோமீட்டர்தான். பையன் சைக்கிள்ல போறேன்னு அழறான். எனக்கு அனுப்ப தைரியம் வரல. நான் ரொம்ப பயப்படுறேனா? – ஒரு அம்மா

உங்க பயம் நியாயமானது. உலகத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் ரோட்டுல சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லுச்சு, அதுல பாதிக்கு மேல நடந்து போறவங்க, சைக்கிள்காரங்க, டூ வீலர்ல போறவங்க.

இன்னைக்கு நெதர்லாந்துல குழந்தைங்க கூட்டம் கூட்டமா சைக்கிள்ல போறதை படத்துல பார்த்திருப்பீங்க. அது அவங்க பிறவி குணம் இல்லம்மா. 1971ல அந்த சின்ன நாட்டுல ரோட்டுல செத்தவங்க 3,000க்கு மேல, அதுல 400க்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க தெருவுக்கு வந்தாங்க, "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு இயக்கத்துக்கு பேரே வெச்சாங்க. 1973ல எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துக்கிச்சு, கார் ஓடாத ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்னு ஜனங்க கண்ணால பார்த்தாங்க. அதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா ஒவ்வொரு தெருவா மாத்தி கட்டினதுதான் நாம இப்போ பார்க்கிறது. உங்கள மாதிரி பயந்த அம்மாக்களும் சேர்ந்து ஆரம்பிச்சது அது.

முதல்ல கேட்க வேண்டியது வேகக் குறைப்பு. மணிக்கு 50 கிலோமீட்டர்ல வர்ற வண்டிக்கு 30ல வர்றதை விட மோதுற சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்கு, ஏன்னா சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். டிரைவர் பார்த்து பிரேக்கை தொடுற அந்த ஒரு செகண்டுல 50ல போற வண்டி 14 மீட்டர் போயிடும், 30ல 8 மீட்டர். அந்த 6 மீட்டர்லதான் பல குழந்தைங்க உயிர் இருக்கு. வெறும் போர்டு வெச்சா போதாது, ரோட்டை குறுக்கி, கடக்கிற இடத்தை உயர்த்தி, ஓட்டுறவருக்கு காலு தானா பிரேக்குக்கு போற மாதிரி கட்டணும். பின்லாந்து நாட்டு ஹெல்சின்கியில பாதிக்கு மேல தெருக்கள்ல 30தான் வேகம், 2024 ஜூலையில இருந்து ஒரு வருஷம் அந்த நகரத்துல ரோடு விபத்துல ஒருத்தர்கூட சாகல. ஒருத்தர்கூட. இதை எழுதும்போது எனக்கு கண்ணு கலங்குது.

உங்க தெரு மாறுற வரைக்கும் பையனை தனியா அனுப்பாதீங்க, அதே ஸ்கூலுக்கு போற நாலஞ்சு பிள்ளைங்களை சேர்த்து ஒரு பெரியவங்க கூட போற மாதிரி பாருங்க. கூட்டமா போனா டிரைவர் கண்ணுக்கும் தெரியும்.

கேள்வி: காலையில பிள்ளையை விட்டுட்டு, மாமியாருக்கு மருந்து வாங்கி கொடுத்துட்டு, அப்புறம் வேலைக்கு போறேன். பஸ் ரூட் எல்லாம் வீடு, ஆபீஸ்னு நேர்கோட்டுல இருக்கு. எங்களை யாரும் நினைக்கலையா?

ரொம்ப காலமா நினைக்கலங்க, அதுதான் உண்மை. வீட்டுல இருந்து ஆபீஸ், ஆபீஸ்ல இருந்து வீடுன்னு போற ஆளை மனசுல வெச்சே சர்வே எடுத்தாங்க. வியன்னா நகர நிர்வாகம் 1999ல ஒரு பகுதியில ஜனங்களை தனித்தனியா கேட்டப்போ, ஆண்கள் சுருக்கமா எழுதி முடிச்சாங்க, பெண்கள் எழுதி எழுதி மாளல, நாலஞ்சு இடம், பாதி நடை, பாதி டிராம், கையில குழந்தை. அதுக்கு அப்புறம் அங்க நடைபாதையை அகலமாக்கினாங்க, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போற மாதிரி படிக்கட்டு பக்கத்துல சரிவு கட்டினாங்க, தெருவிளக்கை கூட்டினாங்க. உங்களுக்கு தேவை, ஒரே டிக்கெட்டுல குறிப்பிட்ட நேரத்துக்குள்ள எத்தனை பஸ் வேணும்னாலும் மாறிக்கிற வசதி, அப்புறம் பீக் ஹவர் முடிஞ்ச பிறகும் குறையாத பஸ். இப்படி சர்வே கேள்வித்தாள் எப்பவாவது உங்க கைக்கு வந்தா சின்ன டிரிப்பையும் விடாம எழுதுங்க, எழுதாத பயணம் பிளான்ல வராது.

கேள்வி: நான் பத்தாவது படிக்கிறேன். எதிர்காலத்துல நகரத்தை பிளான் பண்ற வேலைக்கு போகணும்னு ஆசை. இப்போ இருந்தே என்ன செய்யலாம்?

உன் கேள்வியை கடைசியா வெச்சதே இதை நிதானமா எழுதணும்னுதான் கண்ணு. ஆர்க்கிடெக்சர், சிவில், புவியியல், பொருளாதாரம் எதுல இருந்தும் இந்த வேலைக்கு வரலாம், கணக்கை மட்டும் விட்டுடாதே.

இந்த வாரம் ஒரு வேலை செய். வீட்டுப் பெரியவங்க ஒருத்தரை கூட்டிட்டு உன் பக்கத்து ஜங்ஷனுக்கு காலையில போ, ஓரமா பத்திரமான இடத்துல நில்லு, ஒரு மணி நேரம் எண்ணு. நோட்டுல ரெண்டு பத்தி போடு, ஒண்ணுல வண்டி, இன்னொண்ணுல ஆள். காருக்குள்ள எத்தனை பேர், பஸ்ல உத்தேசமா எத்தனை பேர், நடந்து எத்தனை பேர், சைக்கிள்ல எத்தனை பேர். ஒரு வயசானவர் ரோட்டை கடக்க எத்தனை செகண்ட் ஆகுது, சிக்னல் அவருக்கு எத்தனை செகண்ட் கொடுக்குதுன்னு தனியா குறிச்சுக்கோ. எண்ணி முடிச்சதும் அந்த பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்பு, அடுத்த இதழ்ல உன் நோட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.